கிள்ளான் கோர்ட்டில் 'பாபரி'

இக்னேஷியஸின் குரல் சின்னது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவருக்கு அது பெரிய குறைதான். அங்கே பகலெல்லாம் எஞ்சின் சீறும், பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும், பட்டறையில் சம்மட்டி விழும். பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி உப்புக் கேட்பதென்றாலும் தொண்டை நரம்பு புடைக்கக் கேட்கவேண்டும். அவருடைய அப்பா ஜெயராஜ் தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தவர். அவர் கூப்பிட்டால் ஆற்றங்கரை வரை கேட்கும். மகன் பதில் சொன்னால் வாசலைத் தாண்டாது.

கத்த முடியாத பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டான். அடுத்த வீட்டுத் தெலுங்கு, எதிர் வீட்டு மலையாளம், பாசார் என்கிற சந்தையில் மீன் விற்கிறவர்களின் மலாய், எல்லாம் அவன் காதில் விழுந்தபடியே தங்கின. பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் அப்படித்தான் வந்தது. இருபது வயதில் கோலாலம்பூர் கோர்ட்டில் சின்னக் குமாஸ்தா. பிறகு கிள்ளான் கோர்ட்டில் தமிழுக்குத் துபாஷி. அதாவது, துரை ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் சொல்லவேண்டும். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

துபாஷியை யாரும் ஓர் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. வாய் ஒன்றுதான் கோர்ட்டுக்கு வேண்டும். ஆனாலும் இக்னேஷியஸ் அந்த வேலையை மிகவும் நேசித்தார். காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஜெபம் முடித்து, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டை மாட்டி, கிள்ளான் ரயிலில் ஏறினால், வழியெல்லாம் சொற்களை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே போவார். மனைவி லூசிக்கு அது வேடிக்கை.

"கோர்ட்டுல நாள் பூரா அடுத்தவங்க பேச்சையே பேசுறீங்க. வீட்டுக்கு வந்தா உங்க பேச்சைக் கொஞ்சம் பேசக்கூடாதா?" என்பாள்.

இவர் சிரித்துக்கொள்வார். சொந்தப் பேச்சு ஒன்றைக் கோர்ட்டிலேயே பேசவேண்டிய நாள் வரும் என்று அவருக்கு அப்போது தெரியாது. அது 1927-இல், மழை விட்டு வெயில் ஏறிய ஒரு மாதத்தில் வந்தது.

கிள்ளானுக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டி, க்ளென்மூர் என்று ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால் மரம் வெட்டுகிறவள் சீதாலெட்சுமி. அவளைப் போலீஸ்காரர் ஒருவர் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார். ஒல்லியான, கறுத்த, நேராகப் பார்க்கிற பெண். தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு அவளோடு வந்து, வேலிக்கு வெளியே குந்தியிருந்தார்கள்.

வழக்கு எடுக்கும் முன்னால் பெயர், வயது சரிபார்ப்பது துபாஷியின் வழக்கம். இக்னேஷியஸ் போய் அவள் முன் நின்றார்.

"என்னம்மா நடந்துச்சு?"

"என் வீட்டுக்காரருக்கு மூணு நாளாக் காய்ச்சலுங்கய்யா. நடுக்கம். படுத்துக் கிடந்தவரைப் பெரட்டுக்கு வரச் சொன்னாங்க. வந்தாரு. நின்ன இடத்துலயே சாஞ்சுட்டாரு."

பெரட்டு என்பது விடியும் முன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற நேரம். வரிசையில் நின்ற அவள் கணவன் பழனியப்பன் வாளியோடு கீழே விழுந்திருக்கிறான். நடிக்கிறான், தூக்கி நிறுத்து என்று தோட்டத்து உதவி மேலாளரான சின்ன துரை சொல்லியிருக்கிறார். கண் மேலே சொருகிக் கிடந்த புருஷனை மடியில் போட்டுக்கொண்டு இவள் கத்தியிருக்கிறாள். கத்தல் கேட்டு லயத்து வீடுகளிலிருந்த கிழவர்கள், பிள்ளைகள், அடுத்த வரிசை ஆட்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் மருந்துப் பெட்டியோடு வந்தார். லோரியில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இந்த அமர்க்களத்தில் வெயில் ஏறிவிட்டது. வெயில் ஏறினால் ரப்பர் மரம் பால் விடாது. அன்றைய பால் போயிற்று. அந்தக் கோபத்தில்தான் புகார்.

"இப்ப எப்படி இருக்காரு உன் வீட்டுக்காரர்?"

"பொழைச்சுட்டாருங்க. இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தா அவ்வளவுதான்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க." பிறகு அவளே கேட்டாள். "உள்ள கேட்டா நான் என்ன சொல்லட்டும்? சத்தம் போட்டேன்தான். இல்லைன்னு எப்படிச் சொல்றது? தோட்டமே பார்த்துச்சே."

"எனக்கு யோசனை சொல்ல அனுமதி இல்லம்மா. நடந்ததை நடந்தபடி சொல்லு" என்றார் இக்னேஷியஸ். அதற்கு மேல் பேசினால் அவர் வேலை போய்விடும்.

மாஜிஸ்திரேட் ரென்விக் என்கிற துரை வந்து உட்கார்ந்தார். நரைத்த மீசை, சிடுசிடுத்த முகம். முன்வரிசையில் புகார் கொடுத்த சின்ன துரை ஹாலோவே, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு. பின்னால் சாட்சிக்கு வந்த கங்காணி பக்கிரிசாமி, தலைப்பாகையும் கைத்தடியுமாக.

குற்றச்சாட்டை இன்ஸ்பெக்டர் படித்தார். ஹாலோவே எழுதிக் கொடுத்த புகாரை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். இன்ன தேதி, இன்ன தோட்டத்தில், சீதாலெட்சுமி என்னும் பெண் பெரட்டு மைதானத்தில் 'பாபரி' செய்தாள். அதனால் வேலை நின்றது.

"அவளிடம் கேள். ஒப்புக்கொள்கிறாளா?" என்றார் மாஜிஸ்திரேட்.

இக்னேஷியஸ் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

பாபரி என்ற ஆங்கிலச் சொல் அவருக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் பையன்கள் பெஞ்சைத் தட்டினால் பிரதர் அதைச் சொல்லித்தான் அதட்டுவார். ரயில் நிலையத்தில் கூலிகள் சண்டை போட்டால் வெள்ளைக்கார கார்டு அதைச் சொல்வார். பெருஞ்சத்தம், கூச்சல், ஒரே களேபரம் என்று அர்த்தம். ஆனால் அது கோர்ட்டில், ஒரு பெண்ணின் மேல், குற்றமாக வந்து அவர் கேட்டதில்லை.

சத்தம் என்று சொல்லலாமா? சத்தம் போடுவது குற்றமா என்று இவள் திருப்பிக் கேட்பாள். கூச்சல்? அமளி? ரகளை என்றால் குடித்துவிட்டு ஆடியதாக ஆகும். பழைய துபாஷிகள் வழக்கமாகக் கலகம் என்றுதான் சொல்லிவிடுவார்கள். கலகம் என்றால் துரைக்கு எதிராக ஆட்களைத் திரட்டியது. கலகம் செய்தாயா என்று கேட்டு, இந்தப் பெண்ணும் கள்ளமில்லாமல் 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டால் சிறைதான். வெளியே வந்தால் தோட்டத்தில் இடமும் இருக்காது.

"இன்டர்பிரட்டர்?" மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இந்தச் சொல்லுக்கு என்னிடம் சரியான தமிழ் இல்லை."

கோர்ட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹாலோவே சிரித்தார். "இதற்கு ஒரு துபாஷியா! சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும் அர்த்தம்."

"அர்த்தம் தெரியும், சார்" என்றார் இக்னேஷியஸ். "உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று வேதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். ஒரு தமிழ்ச் சொல் போட்டால் இந்தப் பெண் ஒன்றுமே செய்யாதவள். இன்னொன்று போட்டால் கலகக்காரி. எதைப் போடுவது என்று தீர்மானிக்க எனக்கு அதிகாரம் இல்லை. கொஞ்சம் அவகாசம் வேண்டும்."

மாஜிஸ்திரேட்டின் மீசை துடித்தது. அவகாசம் கேட்கிற வக்கீல்களைப் பார்த்திருக்கிறார். அவகாசம் கேட்கிற துபாஷியை அன்றுதான் பார்த்தார்.

"சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்போம். அதற்குள் சொல்லோடு வா. இல்லாவிட்டால் வேறு துபாஷியை வரவழைப்பேன். உன் மேலதிகாரிக்கும் எழுதுவேன்."

இக்னேஷியஸ் முற்றத்துக்கு வந்து மழை மரத்தின் நிழலில் நின்றார். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் அதற்கு அண்ணன் தம்பியாக ஒரு சொல்லும் இல்லை. லத்தீன் பூசையிலும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கிளையில்லாத மரம் மாதிரி தனியாக நிற்கிறது.

அந்த நேரத்தில் வடநாட்டுப் பால்காரர் ராம்தீன் முற்றத்தோரத்து டீக்கடைக்குப் பால் கொண்டுவந்தார். கூடவே மாடும் கன்றும். கன்று எதற்கோ மிரண்டு துள்ளியது. கயிறு அவர் காலில் சுற்றி, தலையில் இருந்த பித்தளைக் குடம் படியில் மோதி உருண்டு, பால் முழுக்க முற்றத்தில் ஓடியது. ராம்தீன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாப்ரே! பாப்ரே பாப்!"

மாடு கதறியது. டீக்கடைக்காரர் வெளியே பாய்ந்து திட்டினார். நாய்கள் பாலை நக்க ஓடி வந்து சண்டை போட்டன. வேலியோரப் பெண்கள் குடத்தைப் பிடிக்க எழுந்து ஓடினார்கள். தாழ்வாரத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஹாலோவே எரிச்சலோடு எட்டிப் பார்த்தார்.

"இங்கேயும் ஒரு பாபரியா!"

இக்னேஷியஸ் சட்டென்று நிமிர்ந்தார். இடது காதில் பாப்ரே. வலது காதில் பாபரி. இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம்தான்.

அவர் ஓடிப்போய் ராம்தீனின் தோளைப் பிடித்தார். பாசார் மலாயில்தான் இருவருக்கும் பேச்சு.

"அண்ணே, இப்ப என்ன சொன்னீங்க?"

"பால் போச்சு! பார்த்தா தெரியலையா?"

"அதில்லைண்ணே. பால் கொட்டினதும் ஒண்ணு கத்தினீங்களே, பாப்ரேன்னு. அது என்ன?"

ராம்தீன் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எங்க ஊர்ல எல்லாரும் கத்துறதுதான். பயந்தா, திடுக்கிட்டா, துக்கம் வந்தா. பாப் என்றால்... பாப்பா லா! உன் பாப்பா, என் பாப்பா."

மலாயில் பாப்பா என்றால் அப்பா.

இக்னேஷியஸ் அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, ஈரமான முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த குடத்தை எடுத்து ராம்தீன் கையில் கொடுத்துவிட்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

"சொல் கிடைத்ததா?" மாஜிஸ்திரேட் கேட்டார்.

"கிடைத்தது, சார். ஆனால் அது முதலில் ஆங்கிலச் சொல்லே அல்ல என்று நினைக்கிறேன். இந்துஸ்தானிக்காரர்கள் திடுக்கிட்டால் 'பாப் ரே' என்று கத்துவார்கள். 'ஐயோ அப்பா' என்று அர்த்தம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அதைக் கேட்டுக் கேட்டு, அந்த மாதிரி சத்தத்துக்கே பாபரி என்று பெயர் வைத்திருக்கவேண்டும்."

"யார் சொன்னது?"

"முற்றத்தில் பால் கொட்டிய பால்காரர், சார். அவர் 'பாப்ரே' என்றதும், தாழ்வாரத்திலிருந்து மிஸ்டர் ஹாலோவே 'பாபரி' என்றார். இரண்டும் என் காதில் விழுந்தன."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ஹாலோவே சிவந்துபோனார். "இது என்ன கேலிக்கூத்து!"

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அவருக்குச் சொற்கள் மேல் ஒரு பித்து உண்டு என்பது அவருடைய பியூனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அந்தப் பியூனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். பியூன் போய், தலையணை அளவு ஒரு புத்தகத்தைத் தூக்கிவந்தான். இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்ட சொற்களைப் பற்றிய புத்தகம் அது. துரை கண்ணாடியை மாட்டி, பக்கம் புரட்டி, விரலை ஓட்டி நிறுத்தினார்.

"இன்டர்பிரட்டர் சொல்வது சரி" என்றார். "ஆச்சரியத்திலும் துக்கத்திலும் தகப்பனைக் கூப்பிடும் கூக்குரல். அப்படித்தான் போட்டிருக்கிறது. நாம் அதன் சத்தத்தை எடுத்துக்கொண்டு தகப்பனை விட்டுவிட்டோம் போலிருக்கிறது." கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ஹாலோவே, அன்று காலையில் இந்தப் பெண் என்ன சொல்லிக் கத்தினாள்?"

"ஏதோ ஒரே வார்த்தை. திரும்பத் திரும்ப. அப்பா, அப்பா என்று."

"அதற்கு என்ன அர்த்தம், இன்டர்பிரட்டர்?"

"தகப்பன் என்று அர்த்தம், சார்."

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மாஜிஸ்திரேட் தலையசைத்தார். "இப்போது குற்றச்சாட்டை அவளுக்குச் சொல்."

இக்னேஷியஸ் கூண்டின் பக்கம் திரும்பினார். "சீதாலெட்சுமி, பெரட்டுல நீ 'அப்பா, அப்பா'ன்னு பெருசாக் கத்தி அழுதே, அதனால கூட்டம் கூடி வேலை நின்னுபோச்சுன்னு உன் மேல புகார். ஒத்துக்கிறியா?"

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆமாங்கய்யா, கத்தினேன். என்னைப் பெத்த அப்பாவைக் கூப்பிட்டேன். அவரு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரு, வரமாட்டாருன்னு தெரியும். ஆனா கத்தினதால டிரெசர் வந்தாருல்ல? லோரி வந்துச்சுல்ல? நாளைக்கே என் புருஷன் மறுபடி விழுந்தாலும் கத்துவேன். அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு நல்லது என்று எண்ணுகிற துபாஷிகள் உண்டு. இக்னேஷியஸ் ஒரு சொல் விடவில்லை. அவள் நிமிர்ந்து சொன்னதை அதே நிமிர்வோடு ஆங்கிலத்தில் சொன்னார்.

மாஜிஸ்திரேட் கங்காணியைக் கூப்பிட்டார். பக்கிரிசாமி சின்ன துரைக்காகச் சாட்சி சொல்ல வந்தவர். காலையிலிருந்து சின்ன துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பெண் யாரையாவது வேலைக்குப் போகாதே என்றாளா?"

பக்கிரிசாமி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

"இல்லீங்க எசமான். யாரையும் ஒண்ணும் சொல்லல. டிரெசரைக் கூட்டியாரச் சொல்லி ஆள் விட்டது நான்தான். லோரிக்காரனை எழுப்பினதும் நான்தான். பச்சப்புள்ளை மாதிரி அது கத்துனதைக் கேட்டா, மரத்தடிக்கு யாரு போவா?"

ஹாலோவே எழுந்து நின்று ஏதோ சொல்லப் போனார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

"சட்டப் புத்தகத்தில் தகப்பனைக் கூப்பிடுவது குற்றம் என்று எங்கேயும் இல்லை. வழக்குத் தள்ளுபடி. காய்ச்சலில் நடுங்கிய ஆளை வரிசையில் நிறுத்தியது எப்படி என்று தொழிலாளர் இலாகா விசாரிக்கட்டும். அதற்கு நான் இன்றே எழுதுகிறேன்."

இக்னேஷியஸ் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கதவருகே காது வைத்திருந்த பெண் ஒருத்தி முற்றத்துக்கு ஓடினாள். அடுத்த நொடி வேலியோரத்திலிருந்து குலவை கிளம்பியது. ஏழெட்டுப் பெண்களின் குலவையா அது! காக்கைக் கூட்டம் மழை மரத்தை விட்டு எழுந்து பறந்தது. பாசார் பக்கமிருந்து ஆட்கள் என்ன கல்யாணமோ என்று வந்து எட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அடக்கச் சொல்லி ஆள் அனுப்ப எழுந்தார்.

"விட்டுவிடுங்கள்" என்றார் மாஜிஸ்திரேட், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "இதற்கு என்ன பெயர் என்று கேட்டால் இன்டர்பிரட்டர் இன்னொரு அவகாசம் கேட்டுவிடப் போகிறார்."

சீதாலெட்சுமி வெளியே வந்ததும் பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டே போனார்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு. ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த பழனியப்பனுக்குச் செய்தியை யார் முதலில் சொல்வது என்று வழியெல்லாம் அவர்களுக்குள் போட்டி. கடைசியில் எல்லாரும் சேர்ந்து சொன்னதில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மனைவியைப் பார்த்தான். அது போதுமாக இருந்தது.

விசாரணை நடந்தது. சின்ன துரை மாற்றலாகிப் போனார். அதன் பிறகு க்ளென்மூரில் காய்ச்சல்காரர்களைப் பெரட்டுக்கு முன் டிரெசர் பார்த்து, படுக்கச் சொன்னால் படுக்கலாம் என்று ஆனது. பக்கிரிசாமியின் கங்காணி வேலைக்கு ஆபத்து வரும் என்று பயந்தார்கள். வரவில்லை. அவர் வாயைத் திறந்ததைத் தோட்டமே பார்த்திருந்தது. அவரைத் தொட யாருக்கும் துணிவில்லை.

வழக்கு தள்ளுபடியான அன்று சாயங்காலம் லூசி கதவைத் திறந்ததும் இக்னேஷியஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். பால்காரர், கன்று, நாய், சுருட்டு, தலையணைப் புத்தகம், எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சீதாலெட்சுமி கூண்டில் சொன்னதைச் சொன்னபோது மட்டும் சிரிப்பு நின்றது.

"அதையும் இங்கிலீஷ்ல சொன்னீங்களா?"

"ஒண்ணுவிடாம."

"நல்ல காரியம் செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த மீன் குழம்பை இறக்கப் போனாள்.

மாஜிஸ்திரேட் ரென்விக் துபாஷியின் மேலதிகாரிக்கு எழுதத்தான் செய்தார். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் துபாஷி எழுந்து அவகாசம் கேட்கலாம், அது அவர் கடமை, அதற்காக யாரும் அவரைக் கடிந்துகொள்ளக்கூடாது என்று எழுதினார். அந்த ஏற்பாடு அந்தக் கோர்ட்டில் நிலைத்தது. சீனமொழித் துபாஷியும் மலாய்த் துபாஷியும்கூட இக்னேஷியஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்த திங்கட்கிழமையே ஒரு வாய்க்கால் தகராறில் 'பங்காளி' என்ற சொல் வந்தது. வக்கீல் அவசரப்படுத்தினார். இக்னேஷியஸ் எழுந்து நின்று, மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, "அவகாசம் வேண்டும், சார்" என்றார்.

"எடுத்துக்கொள்" என்றார் ரென்விக், பேனாவைக் கீழே வைத்துவிட்டு.